புது மேசை வரும் வரை

தராசு சிஸ்டர் ஓய்வு பெறுவதை ஒட்டி மருத்துவமனை ஒரு மலர் போடுகிறது. அதில் அவரைப் பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். “ஒரே ஒரு பக்கம் சார், அதுக்கு மேல போகாமப் பாத்துக்கோங்க” என்றார் மலர்க் குழுவில் இருக்கும் இளம் டாக்டர். ஒரு பக்கத்துக்குள் அடக்குவதில் இந்தக் கட்டடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பது வருஷமாக ஆவண அறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் திறமை என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் சிஸ்டரைப் பற்றி எழுத முடியும். எனவே இது ஒரு பக்கத்தில் அடங்காது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம்.

சிஸ்டர் இங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. உடல்பருமன் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, அங்கே போக யார் தயார் என்று கேட்டபோது நர்சுகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கனமான நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்து இடுப்பு போய்விடும் என்று பயம். இருப்பதிலேயே ஒல்லியான இந்தப் பெண் கையைத் தூக்கியதும் சிரிப்பு கிளம்பியதாம்.

காரணம் அவருடைய தம்பி. அவரைவிடப் பதினொரு வயது சின்னவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது அக்காதான். தம்பி சின்ன வயசிலிருந்தே குண்டு. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி எடை பார்த்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படிக்க, இவன் முறை வந்ததும் வகுப்பே ஓவென்று கத்தியிருக்கிறது. நாலு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை என்று சிஸ்டர் சொல்வார். கட்டிலுக்கு அடியில் தட்டைத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட வைத்தாராம்.

அதனால் சிஸ்டரின் அறையில் எந்த எண்ணும் வாய்விட்டுச் சொல்லப்பட்டதில்லை. தினமும் காலையில் இரண்டு இரும்பு எடைக்கற்களை வைத்து எடை மேடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொருவராக அழைப்பார். ஏறி நின்றதும் எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து உள்ளங்கையில் வைப்பார். வேறு பிரிவுகளில் “நூத்தி முப்பத்தெட்டு, அடுத்து!” என்று ஏலம் விடுகிற மாதிரி கூவுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தராசு என்ற பட்டப்பெயர் எடை மேடையால் மட்டும் வந்ததில்லை. அவரிடம் ஆள் பார்த்து நீதி கிடையாது. எங்கள் இயக்குநரின் மாமனார் ஒருமுறை நேரே உள்ளே போகப் பார்த்தார். “சார், உங்க நம்பர் இருபத்தொண்ணு. இப்ப ஒம்பது போயிட்டிருக்கு” என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அன்று முழுவதும் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தப் பிரிவின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஓர் அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அறுவைக்கு வருவோர் கவனத்திற்கு என்று தலைப்பு, கீழே பதினொரு வரிகள். ஏழாவது வரி இது: “150 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் எடையைக் குறைத்துவிட்டு வரவும்.” இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வாசல்படி. ஏன் நூற்றைம்பது என்று யாரும் கேட்டதில்லை. மனசில் உறுதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சிலர் சொல்வார்கள். ஈரல் சுருங்க வேண்டும் என்பார்கள் இன்னும் சிலர். காரணம் எழுதாத வரியைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள், ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். சிஸ்டரும் உறுதி என்ற காரணத்தைத்தான் நம்பினார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சிஸ்டரின் தம்பியே அந்த வாசலில் வந்து நின்றார். அவர் பள்ளி வேன் ஓட்டுநர். பிள்ளைகளுக்கு வேன் மாமா. வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் சேர்ந்துவிட்டதால் அறுவை செய்துகொள்ளலாம் என்று வந்திருந்தார். வரிசையில் பதினாலாவது ஆளாக உட்கார்ந்து, முறை வந்ததும் ஏறி நின்றார். நூற்றறுபத்திரண்டு. சிஸ்டர் சீட்டை மடித்துக் கையில் வைத்தார்.

“நூத்தம்பதுக்குக் கீழ வந்துட்டு வா.”

“அக்கா, குறைக்க முடியலைன்னுதானே ஆபரேஷனுக்கு வந்திருக்கேன். குறைச்சுட்டுத்தான் வரணும்னா அப்புறம் நான் எதுக்கு வர்றேன்?”

“மனசு வச்சா முடியும்டா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

தம்பி மனசு வைத்தார். பதினொரு மாசம் வைத்தார். வேனை நிறுத்திவிட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார், முக்கால் வயிறு அரை வயிறாயிற்று, பிள்ளைகள் நீட்டும் மிட்டாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மகளிடம் கொடுத்தார். மறுபடி வந்தார். அன்று நான் படிவக் கட்டுகளைக் கொடுப்பதற்காக அந்த அறையில் இருந்தேன். அவர் மேடையில் ஏறும்போது பெஞ்சிலிருந்து ஒரு குரல், “சிஸ்டரோட தம்பிதானே, எழுதிக்குவாங்க” என்றது. சிஸ்டரின் காது சிவந்ததைப் பார்த்தேன்.

அன்றுதான் முதல் தடவையாக அவர் ஓர் எண்ணை வாய்விட்டுச் சொன்னார். “நூத்தம்பத்தி மூணு.” கூடம் முழுவதும் கேட்டது.

தம்பி அக்காவைப் பார்த்தார். “மூணு கிலோதானக்கா. சட்டையக் கழட்டட்டுமா?” என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“அடுத்த மாசம் வா.”

அடுத்த மாசம் வரவில்லை. ஐந்து வருஷம் வரவில்லை. போன ஒன்பது கிலோவும் தன் சேக்காளிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நூற்றெழுபத்தெட்டில் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே அவரால் நுழைய முடியவில்லை. வேன்கள் நிற்கும் கொட்டகையின் வாசலில் நாற்காலி போட்டு, எந்த வேன் எப்போது போனது என்று எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகத்தான் அக்காவும் தம்பி குடும்பமும் இருந்தார்கள். வீட்டில் இந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாக ஒரு வழிகாட்டி நெறிமுறை எழுத வேண்டும் என்று குழு ஒன்று அமைத்தார்கள். உடல்பருமனுக்கு அறுவை, ஊசி மருந்து, உணவு, உடற்பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாவற்றையும் யாருக்கு எப்போது எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்று அதில் இருக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எங்கள் கட்டடத்தில் அறுவைப் பிரிவு தாழ்வாரத்தின் ஒரு கோடியில், ஊசி மருந்துப் பிரிவு மறு கோடியில். இரண்டுக்கும் நடுவே பங்காளிச் சண்டை. அங்கே போனவர் இங்கே வரக்கூடாது, இங்கே வந்தவர் அங்கே போகக்கூடாது.

இரண்டாம் மாடியில் ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். அறுவைப் பிரிவின் தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். எதிரே ஊசி மருந்துப் பிரிவின் தலைவி, ஊசி டாக்டர். நர்சுகள் சார்பில் சிஸ்டர். நோயாளிகள் சார்பில் ஒரு டெய்லரம்மா. மற்றவர்கள் வெளி மருத்துவமனைக்காரர்கள். ஒவ்வொரு வரியையும் படித்ததும் ஆளுக்கொரு சீட்டில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்பது பேராவது ஏழோ அதற்கு மேலோ போட்டால்தான் வரி நிற்கும். நான் உறுப்பினன் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் எங்கே என்று தேடி எடுத்து மேசையில் வைப்பது என் வேலை.

முதல் கூட்டத்திலேயே டெய்லரம்மா பிடித்துக்கொண்டார். “எனக்கு ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் திரும்ப ஏறுச்சு. ஊசி போடுங்கன்னு கேட்டேன். ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஊசி கிடையாதுன்னாங்க. என் தங்கச்சி ஊசி போட்டுக்கிட்டு ஆபரேஷன் கேட்டா. ஊசி போடுறவங்களுக்கு ஆபரேஷன் கிடையாதுன்னாங்க. உங்க ரெண்டு பேர் சண்டையில நாங்க தாழ்வாரத்துல நிக்கிறோம்.” பெரிய டாக்டர் பேனாவை உருட்டினார். ஊசி டாக்டர் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகுதான் கூட்டம் உருப்படியாக நடந்தது.

நூற்றைம்பது கிலோ விஷயம் மூன்றாவது கூட்டத்தில் வந்தது. எங்களைத் தவிர இன்னும் ஆறு மருத்துவமனைகளில் அந்த நிபந்தனை நடைமுறையில் இருந்தது. ஊசி டாக்டர் அதை எடுத்துவிட வேண்டும் என்றார். எடை மிக அதிகமானவர்களுக்குச் சில மாதம் ஊசி போட்டுக் குறைத்து, மயக்க மருந்துக்கு முன் நிறுத்தி, அறுவை செய்து, பிறகு எடை ஏறினால் மறுபடி ஊசியைத் தொடங்கலாம், எல்லாம் ஒரே வைத்தியம்தான் என்பது அவர் வாதம். ஆச்சரியமாக, வேண்டாம், நிபந்தனை இருக்கட்டும் என்று எழுந்து பேசியவர் சிஸ்டர்.

“தானா குறைச்சுட்டு வந்தவங்கதான் ஆபரேஷனுக்கு அப்புறமும் ஒழுங்கா இருப்பாங்க டாக்டர். உறுதி இருக்கான்னு பாக்கணும்ல.”

சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். தம்பி மூன்றாம் முறையாக மனுக் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இதயம் களைத்துக்கொண்டு வருகிறது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த வரி போனால் அவருக்கு வழி திறக்கும். நின்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

“என்ன சிஸ்டர், நீங்களே இப்படிப் பேசினா எப்படி?”

“அவன் மனு உள்ள கிடக்கு சார். நான் எடுக்கச் சொன்னா, தம்பிக்காகச் சட்டத்தை மாத்துறாங்கன்னு ஆயிடும். ஊர்ல இருக்கிற எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டு, எனக்குன்னு வந்ததும் மாத்திக்கிறதா?”

மதிப்பெண் இரண்டாகப் பிளந்தது. இந்த நிபந்தனைக்கு மூல ஆதாரம் எது என்று அடுத்த கூட்டத்துக்குள் கண்டுபிடித்து வரும்படி என்னிடம் சொன்னார்கள்.

மூன்று வாரம் தேடினேன். முதல் மருத்துவமனை இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவதும் நாலாவதும் மறுபடி முதலாவதையே காட்டின. ஐந்தாவது, “பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை” என்று எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. ஆறாவதுதான் உருப்படியாகப் பதில் போட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் மருத்துவமனை அனுப்பிய அறிவிப்பைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொண்டோம் என்றது அந்தக் கடிதம்.

கீழ்த்தள அலமாரியில் அந்த வருஷத்துக் கட்டை எடுத்தேன். சுவரில் தொங்குகிற அதே பக்கம், நான் தட்டச்சு செய்தது. அதன் பின்னால் துருப்பிடித்த குண்டூசியால் குத்தி, சிஸ்டர் கையால் எழுதிக் கொடுத்த மூலத் தாள் இருந்தது. ஏழாவது விஷயத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. “150 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் எடையைக் குறைத்துவிட்டு வரவும். இப்போதுள்ள அறுவை மேசை 150 கிலோவுக்கு மேல் தாங்காது. புது மேசை வரும் வரை மட்டும்.”

பின்னிரண்டு வாக்கியங்களின் மேல் பென்சில் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் “இடம் இல்லை” என்று எழுதியிருந்தது. பென்சில் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

எல்லாம் நினைவுக்கு வந்தது. மேலே முகவரி, கீழே தொலைபேசி எண்கள், நடுவே பதினொரு விஷயங்கள். கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியது. அப்போதிருந்த கண்காணிப்பாளருக்கு இரண்டாம் பக்கம் என்றாலே ஆகாது. மேசை விஷயம்தான் எல்லோருக்கும் தெரியுமே என்று நினைத்து வெட்டினேன். சிஸ்டரைக் கேட்கவும் இல்லை. அவர் தம்பி கல்யாணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது அறிவிப்பு கண்ணாடிக்குள் போயிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் புது மேசை வந்தது. இருநூற்றைம்பது கிலோ தாங்குவது. வந்து சேர்ந்த ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். மேசை பிரித்த அன்று சிஸ்டர் அதில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, “எனக்கெல்லாம் இது ரொம்ப ஜாஸ்தி” என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது. சுவரில் இருக்கும் வரியை எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தம்பி முதல் தடவை வந்து நின்றபோது புது மேசைக்கு மூன்று வயது. அவரைப் போல ஒன்றரை ஆளை அது தாங்கியிருக்கும்.

அந்தப் பத்து வருஷப் பதிவேடுகளை எடுத்து எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தோம். அதில் முப்பத்தெட்டுப் பேர்தான் மறுபடி வந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டையும் மேசையில் வைப்பதாகத்தான் எண்ணம். முதலில் தட்டச்சுப் பக்கத்தை எடுத்துப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இங்கே வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, பழைய மேசையைக் கண்டவரில்லை. படித்தார். முகம் சிவந்தது.

“எந்த முட்டாள் எழுதினது இது? ஒரு காரணம்கூட இல்லாம! இதை வச்சா இத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம்?”

என் கை கோப்புக்குள் இருந்தது. மூலத் தாளின் முனை விரலில் பட்டது. கையை வெளியே எடுத்துவிட்டேன், தாள் உள்ளேயே இருந்தது.

சிஸ்டர் எழுந்து நின்றார். “நான் எழுதினது டாக்டர்.”

பெரிய டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலைத் தாழ்த்தி, “ஏன் சிஸ்டர்? எதுக்காக?” என்றார்.

“ஞாபகம் இல்ல டாக்டர். ஏதோ காரணம் இருந்துச்சுன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஞாபகம் இல்லாததை எப்படிச் சொல்றது?”

டெய்லரம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சீட்டுகள் சுற்றி வந்தன. நிபந்தனையை நீக்குவதற்குப் பன்னிரண்டு பேரும் ஒன்பது போட்டிருந்தார்கள். சிஸ்டரின் ஒன்பது தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதப்பட்டிருந்தது. ஊசியையும் அறுவையையும் சேர்த்துக் கொடுக்கும் முறை அந்த இடத்தில் எழுதப்பட்டது. நல்ல காரியம்தான் நடந்தது. வரி போய்விட்டது, இனி காரணம் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்குச் சமாதானம் தேடித் தருவதில் மனசு கெட்டிக்காரத்தனமானது.

மறுநாள் சிஸ்டர் என் அறைக்கு வந்து, திருப்பி அனுப்பியவர்களின் பட்டியலைக் கேட்டார். அவர் அறையில் வெளியே பேசும் தொலைபேசி கிடையாது, என் மேசையில்தான் இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“வணக்கம்ங்க, ஆஸ்பத்திரியிலேருந்து சிஸ்டர் பேசறேன். சட்டம் மாறிடுச்சு, இப்ப வரலாம். ஆமாங்க, அந்த நூத்தம்பது கிலோ. அது தப்புதான். நான்தான் எழுதினது. மன்னிச்சுக்கோங்க.”

ஐந்து மாசம் இதைக் கேட்டேன். சிலர் அழுதார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார், சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சில எண்கள் வேலை செய்யவில்லை. பதினேழு வீடுகளில், அவர் இல்லைங்க, போய்ச் சேர்ந்துட்டார் என்றார்கள். அப்போதும், “நான்தான் எழுதினது, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். மூலத் தாள் அவர் முழங்காலுக்கு நேரே, என் மேசை இழுப்பறையில் கிடந்தது. இழுத்தால் வந்துவிடும்.

சொந்தக்காரனை முன்னால் விடக் கூடாது என்று, பட்டியலில் கடைசியாகத்தான் தம்பியைக் கூப்பிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் கூப்பிட்டார். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. “உன் முறை வந்துடுச்சு, வாடா” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தம்பி வந்தார். வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஏறினார். சிஸ்டர் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, தம்பியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். தம்பி பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பரிசோதனைகள் முடிய மூன்று வாரம் ஆயிற்று. புது நெறிமுறைப்படி பெரிய டாக்டரும் ஊசி டாக்டரும் முதல் முறையாக ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நோயாளியிடம் பேசினார்கள். கோப்பைக் கொண்டுபோனதால் நானும் நின்றுகொண்டிருந்தேன். இதய டாக்டரின் அறிக்கை மேசையில் இருந்தது. இதயம் பாதி வேலைகூடச் செய்யவில்லை, இந்த நிலையில் மயக்க மருந்து தாங்காது என்று எழுதியிருந்தார். பெரிய டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். ஊசி மட்டும் போட்டுப் பார்க்கலாம், இதயம் தேறினால் பிறகு யோசிக்கலாம் என்றார்கள். தேறும் என்று இருவரும் சொல்லவில்லை.

“ஒரு ஏழு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்த ஊசி டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வந்திருந்தேன் டாக்டர்” என்றார் தம்பி.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். அன்று என்னவோ, இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். இன்று கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அறுவை என்று சொல்லியிருந்தால், அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக என் குற்றமும் கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. கோப்பைப் பிடித்துக்கொண்டு தூணோரமாக நின்றேன்.

“அந்த நூத்தம்பது கிலோ வரி, அதை யாரு எழுதினதுக்கா?” என்று கேட்டார் தம்பி.

“நான்தான்டா.”

தம்பி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“சரி விடு. காரணம் இல்லாம நீ எதையும் எழுத மாட்டியே.”

“ஞாபகம் இல்லடா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஞாபகமே வரல.” சிஸ்டர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பி தன் பெரிய கையை அக்காவின் முதுகில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். பிறகு தலையைத் திருப்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். கஷ்டப்பட்டு எழுந்து நின்றார்.

“சார், நீங்கதான் மூணு வாரம் தேடிக் கண்டுபிடிச்சீங்களாம், அக்கா சொன்னாங்க. நீங்க இல்லைன்னா அந்த வரி இன்னும் சுவத்துலதான் தொங்கிட்டிருக்கும். எனக்கு உதவலைன்னாலும் பின்னாடி வர்றவங்களுக்கு ஆகும். ரொம்ப நன்றி சார்.” இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கென்னங்க, என் வேலைதானே” என்றேன். அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. தம்பி வாரம் ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொண்டு போகிறார். எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மூச்சு வாங்குவது குறையவில்லை. வந்துபோகும்போதெல்லாம் என் அறை வாசலில் நின்று ஒரு வணக்கம் போடுகிறார்.

மலர்க் குழுவினருக்கு: மூலத் தாளை இன்று மாலை நானே சிஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். தம்பியும் இருப்பார். இருவரும் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். சிஸ்டரின் கையெழுத்தும், அதன்மேல் என் பென்சில் கோடும் தெளிவாகத் தெரிகின்றன. இதை அப்படியே அச்சிடுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கட்டுரையில் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் இந்தத் தடவை வெட்ட வேண்டாம்.